மொழியை வாசலிலேயே கேட்க வேண்டும்

சிதம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித் தருபவர் அந்த டீச்சர். கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு அலுவலக வேலையாக வந்தவர், திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் டீக்கடையில் உட்கார்ந்து தன் லேபின் பிரச்சினையை என்னிடம் சொன்னார். லேபில் லினக்ஸ். எல்லா சிஸ்டத்திலும் மாணவர்களுக்கென்று ஒரே ஒரு யூசர் கணக்குதான். தமிழ் மீடியம் பிள்ளைகள் வந்தால் லாகின் திரையில் 'தமிழ்' என்று தேர்ந்தெடுத்து உள்ளே போவார்கள். மெனுக்கள் தமிழில் வரும். அடுத்த பீரியட் இங்கிலீஷ் மீடியம். அவர்கள் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். பல வருஷமாகச் சிக்கலில்லாமல் நடந்துகொண்டிருந்தது. விடுமுறையில் யாரோ வந்து புது வெர்ஷன் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளி திறந்தபோது லாகின் திரை பார்க்க அழகாக இருந்தது. மொழி கேட்கும் இடம் மட்டும் இல்லை.

"எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்னு மூலை மூலையா கிளிக் பண்ணிப் பாத்தேன் சார். நாந்தான் ஏதோ தெரியாம தேடுறேன்னு நெனச்சேன்."

"நீங்க தேடுனது சரிதான் டீச்சர். அந்த வசதியவே எடுத்துட்டாங்க."

"ஏன் சார் எடுக்கணும்? நல்லாத்தானே இருந்துச்சு?"

இது நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். அவருக்குச் சொன்னதையே, கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இதே கேள்வியோடு இன்னும் பல லேப்களில் பல டீச்சர்கள் மூலை மூலையாகக் கிளிக் செய்துகொண்டிருப்பார்கள்.

முதலில் லாகின் திரை என்பது என்ன என்று பார்ப்போம். அது டெஸ்க்டாப்பின் ஒரு பகுதி என்றுதான் பலரும் நினைக்கிறோம். லினக்ஸில் அது தனி மென்பொருள். டிஸ்ப்ளே மேனேஜர் என்று பெயர். சிஸ்டம் ஆன் ஆனதும் திரையை எழுப்புவது, யார் என்று கேட்பது, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பகுதியிடம் கொடுப்பது, சரியென்றால் அந்த யூசரின் பெயரில் டெஸ்க்டாப்பைத் தொடங்கிவைப்பது — இவ்வளவும் அதன் பொறுப்பு. யூனிக்ஸ் உலகில் 1988-ல் எக்ஸ்டிஎம் என்ற பெயரில் இதன் முதல் வடிவம் வந்தது. பிறகு க்னோம் டெஸ்க்டாப்போடு ஜிடிஎம், கேடிஇ டெஸ்க்டாப்போடு கேடிஎம் என்று ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள்.

டெஸ்க்டாப் தொடங்கும் அந்த நொடியில்தான் மொழியும் முடிவாகிறது. லினக்ஸில் ஒரு நிரல் தொடங்கும்போதே எந்த மொழியில் பேசவேண்டும் என்ற தகவல் அதனிடம் கொடுக்கப்படுகிறது. லாகின் திரை அதை டெஸ்க்டாப்புக்குத் தருகிறது. டெஸ்க்டாப், தான் திறக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதையே தருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்பின் மொழியைப் பாதியில் மாற்றினால் முழுமையாக மாறாது. லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வரவேண்டும். ஆகவே 'உனக்கு எந்த மொழி?' என்ற கேள்விக்கு இயல்பான இடம் லாகின் திரைதான். உள்ளே போன பிறகு கேட்டால், திரும்ப வெளியே வந்துதான் பதிலுக்குப் பலன் கிடைக்கும்.

பழைய ஜிடிஎம் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. 2007-08 வாக்கில் புழக்கத்தில் இருந்த 2.20 பதிப்பைச் சொல்கிறேன். லாகின் திரையில் மொழிக்கு ஒரு மெனு, எந்த டெஸ்க்டாப் வேண்டும் என்பதற்கு இன்னொன்று. வழக்கமாக ஆங்கிலத்தில் போகிறவர் அன்றைக்குத் தமிழைத் தேர்ந்தெடுத்தால், அது நின்று ஒரு கேள்வி கேட்கும்: இனிமேல் எப்போதும் இதுவா, இந்த ஒரு தடவைக்கு மட்டுமா? இந்தச் சின்னக் கேள்வியை எழுதியவர் ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடத்தை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். டீச்சரின் லேபுக்கு அளவெடுத்துத் தைத்த கேள்வி அது.

அதோடு, லாகின் திரையை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கே ஒரு தனி செட்டிங்ஸ் ஜன்னல் இருந்தது. பொது, உள்ளூர், தொலைவு, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, பாதுகாப்பு, யூசர்கள் என்று ஆறு பக்கங்கள். வரவேற்புச் செய்தி என்ன, பின்னணிப் படம் என்ன, யார் பெயர் திரையில் தெரியலாம், யாருடையது தெரியக்கூடாது, ஷட்டவுன் பொத்தான் வேண்டுமா, இத்தனை விநாடிக்குள் யாரும் தொடாவிட்டால் இன்ன யூசராகத் தானாக உள்ளே போகலாமா — எல்லாவற்றுக்கும் டிக் அடிக்க ஒரு கட்டம். லேபைப் பார்த்துக்கொள்பவர் நிர்வாகி பாஸ்வேர்டைக் கொடுத்து மவுஸாலேயே எல்லாவற்றையும் அமைத்துவிடலாம். கோப்பு எதையும் திறந்து எழுத வேண்டியதில்லை.

2008-ல் ஜிடிஎம் கிட்டத்தட்ட முழுமையாக மறுபடி எழுதப்பட்டது. லினக்ஸ் வகைகளில், அந்த ஆண்டு மே மாதம் வந்த ஃபெடோரா 9 முதலில் இதை எடுத்துக்கொண்டது. உபுண்டு ஒன்றரை வருஷம் பழையதையே வைத்திருந்து, 2009 அக்டோபரில் வந்த 9.10 பதிப்பில் மாறியது. டெபியன் 2011 பிப்ரவரியில் தன் 6.0 பதிப்பில் மாறியது. ஆனால் டெபியன்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: புதியதை ஜிடிஎம்3 என்று வேறு பெயரில் கொடுத்துவிட்டு, பழைய 2.20-ஐயும் அந்தப் பதிப்பில் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். புதியது தங்களுக்குச் சரிப்படவில்லை என்று கண்டவர்கள் அடுத்த பதிப்பு வருவதற்குள் மாற்று வழி தேடிக்கொள்ள முடிந்தது. மேம்படுத்தல் என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

புதிய ஜிடிஎம்மில் அந்த ஆறு பக்க ஜன்னல் இல்லை. உபுண்டு பின்னர் சிறியதாக ஒன்று செய்து வைத்தது; அதில் தானாக லாகின் ஆவது போல ஒன்றிரண்டு தெரிவுகள் மட்டும். மீதியெல்லாம் கோப்புகளுக்குள்ளும் கட்டளை வரிகளுக்குள்ளும் போய்விட்டன. சில அடியோடு போயின. மொழி மெனு அப்போதைக்குத் தப்பியது. யூசர் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் திரையின் அடியில் மொழி, கீபோர்டு, டெஸ்க்டாப் மூன்றும் வரிசையாக வரும். 2011-ல் க்னோம் 3 வந்தது. அதன் புதிய லாகின் திரையில் மொழி மெனு இல்லை. அதே வருஷம் அக்டோபரில் உபுண்டு 11.10 ஜிடிஎம்மையே விட்டுவிட்டு லைட்டிஎம் என்ற வேறொன்றுக்கு மாறியது. அது கொண்டுவந்த லாகின் திரையிலும் மொழி கேட்கும் இடம் இல்லை. இரண்டு பெரிய வழிகளும் ஒரே ஆண்டில் அடைபட்டன.

"வேணும்னே செஞ்சாங்களா சார்?" என்று கேட்டார் டீச்சர்.

கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்யவில்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழைய ஜிடிஎம் பத்து வருஷமாகப் பலர் சேர்த்துச் சேர்த்து வளர்ந்த நிரல். தொடவே பயப்படும் அளவுக்குச் சிக்கலாகிவிட்டது. ஒரு டிக் கட்டம் சேர்ப்பது பார்ப்பவருக்கு ஒரு வரி. எழுதியவருக்கு அது சுமை. ஆன், ஆஃப் என்று இரண்டு நிலை உள்ள தெரிவுகள் பத்து இருந்தால், அவற்றின் சேர்க்கைகள் 1,024. இருபது இருந்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். அத்தனையையும் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. எங்கோ ஒரு சேர்க்கையில் உடையும். உடையும் இடம் லாகின் திரை என்றால் சிஸ்டத்துக்குள்ளேயே போக முடியாது. க்னோமின் முக்கியமான நிரலாளர்களில் ஒருவரான ஹேவக் பென்னிங்டன் 2002-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா என்று யோசித்துச் சேர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அதை மறுப்பது கஷ்டம்.

மறுபடி எழுதியதால் வந்த நன்மைகளும் உண்டு. புதிய லாகின் திரை ஒரு சின்ன டெஸ்க்டாப்பாகவே ஓடியது. அதனால் யாரும் லாகின் ஆகாமலே கிடக்கும் லேப்டாப் மின்சாரத்தைச் சேமிக்கத் தெரிந்துகொண்டது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்வது, பெரிய எழுத்து, திரையிலேயே கீபோர்டு ஆகியவை ஒரே மெனுவில் கையெட்டும் தூரத்துக்கு வந்தன. உள்ளே போவதற்கு முன்பே இவை தேவைப்படுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். இதைச் சொன்னதும் டீச்சர், தன் வகுப்பில் பார்வை மங்கலான ஒரு பிள்ளை இருப்பதாகவும், அந்த மெனுவை அவனுக்குக் காட்டப்போவதாகவும் சொன்னார்.

நிரலாளர்கள் விலையைக் கணக்குப் போட்டது சரிதான். அந்த விலையை யார் கொடுப்பார்கள் என்று போட்ட கணக்கில்தான் எனக்கு வருத்தம். நிரல் எழுதுகிறவர் மேஜையில் இருக்கும் கணினி அவர் ஒருவருடையது. மொழியை ஒரு தடவை செட்டிங்ஸில் வைத்தால் அவருக்குப் போதும். தினமும் அதைக் கேட்கும் மெனு அவர் கண்ணுக்கு வேண்டாத இடைஞ்சலாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளில் பழைய வீடுகளை இடித்துக் கட்டும்போது முதலில் போவது திண்ணைதான். வீட்டுக்காரர் அதில் உட்காருவதில்லை. அதனால் அவருக்கு அது வீணான இடம். உட்கார்ந்திருந்தவர்கள் வழிப்போக்கர்கள், வரைபடம் போடும்போது அவர்களை யாரும் கேட்பதில்லை. லாகின் திரையின் மொழி மெனுவுக்கும் அதுதான் நடந்தது.

இங்கே தமிழ்நாட்டு நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2006 முதல் சில வருஷங்கள், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசு வட்டாரத்தில் லினக்ஸ் என்ற பேச்சு பரவ அது ஒரு காரணம். 2011 செப்டம்பர் 15-ல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. பாஸ் லினக்ஸ் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாவது; அடிப்படை டெபியன். டெபியனில் செய்யும் மாற்றம் நாளாவட்டத்தில் அதற்கும் வரும்.

லேப்டாப் ஒருவர் கையில் இருப்பது. அதில் லாகின் திரை மொழி கேட்காவிட்டாலும் குறையில்லை. ஆனால் அதே பள்ளியின் லேப், ஊர் நூலகத்தின் கணினி, இ-சேவை மையத்து மேஜை, அண்ணாமலை நகர் பக்கம் பிரவுசிங் சென்டர் எல்லாமே பலர் கை மாறும் இடங்கள். நம்மூரில் கணினியை முதன்முதலாகத் தொடும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அதைத் தொடுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். அவர்களுக்கு 'செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாமே' என்பது பதிலாகாது. ஆங்கில மெனுவுக்குள் நாலு படி இறங்கி மொழிப் பக்கத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் மெனு அவசரமில்லை. தேவைப்படுகிற பிள்ளைக்கு அந்தப் பாதை தெரியாது. தெரிந்து மாற்றினாலும் லாக்அவுட் செய்து வர வேண்டும். வந்த பின் அடுத்த வகுப்புக்கு அது தமிழிலேயே நிற்கும்.

"ஆமா சார். ரெண்டு நாள் அப்படித்தான் ஓட்டுனேன். ஒரு பீரியட்ல கால்வாசி நேரம் இதுக்கே போயிடுது."

கீபோர்டின் கதை வேறு மாதிரிப் போனது. க்னோம் 3-ன் தொடக்கத்தில் லாகின் திரையிலிருந்து மொழியோடு கீபோர்டு மெனுவும் போயிற்று. ஆனால் அடுத்தடுத்த பதிப்புகளில் கீபோர்டு திரும்பி வந்துவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட கீபோர்டு அமைத்திருந்தால் இப்போது திரையின் மேல் மூலையில் அதன் அடையாளம் தெரியும். காரணம் எளிது: கீபோர்டு தவறாக இருந்தால் பாஸ்வேர்டே அடிக்க முடியாது, பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் அது முதல் நாளே வலிக்கும். 1999-ல் தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டிப் பிறந்த தமிழ்99 கீபோர்டை வைத்திருப்பவருக்கும் இது வேண்டும். தமிழ்99 ஆன் ஆகி இருக்கும்போது ஆங்கில எழுத்தில் வைத்த பாஸ்வேர்டை அடித்தால் உள்ளே போவது வேறு எழுத்து. திரையில் தெரிவது வெறும் புள்ளிகள். 'பாஸ்வேர்ட் தப்பு' என்று சொல்லும் சிஸ்டத்தைப் பார்த்துப் பிள்ளை முழிக்கும். இப்படி யாராவது சொன்னால், பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்னால் அந்த மேல் மூலையைப் பாருங்கள்.

கீபோர்டு திரும்பி வந்தது, மொழி வரவில்லை. இதிலிருந்து நான் புரிந்துகொள்வது ஒன்றுதான். எடுத்த வசதி திரும்பி வருவது, அதை இழந்தவர்களின் குரல் எழுதுகிறவர் காதில் விழுவதைப் பொறுத்தது. ஒரே கணினியில் இரண்டு மொழி மாறி மாறி ஓட வேண்டிய லேப், நம்மூரிலும் நம்மைப் போன்ற ஊர்களிலும்தான் அதிகம். அந்தக் குரல் போகவில்லை.

மொழி மட்டுமில்லை. லாகின் திரையில் எல்லா யூசர்களின் பெயரும் வரிசையாகத் தெரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அது வசதி. பள்ளியில் ஆசிரியர்கள், அலுவலகத்தார் பெயரெல்லாம் யார் வந்தாலும் படிக்கும்படி திரையில் நிற்பது சரியில்லை. பழைய ஜன்னலில் ஒரு டிக் எடுத்தால் மறைந்துவிடும். இப்போதும் மறைக்கலாம், ஆனால் அதற்கு ஓர் அமைப்புக் கோப்பில் சரியான பெயரில் சரியான வரி எழுதி, ஒரு கட்டளையும் ஓட்ட வேண்டும். வசதி இருக்கிறது என்று புத்தகம் சொல்லும். லேப் டீச்சருக்கு அது இல்லாததற்குச் சமம்.

தானாக உள்ளே போகும் தெரிவையும் பலர் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். 2012-ல் மாவட்டங்களில் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் வரும்போதெல்லாம் கணினி திரும்ப ஆன் ஆகும். வரவேற்பறையில் அறிவிப்பு காட்டும் கணினியின் முன் ஒவ்வொரு தடவையும் யாராவது போய் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டும் என்றால் அது கரும்பலகையை விட மோசம். இத்தனை விநாடி பொறுத்துத் தானாக உள்ளே போ என்ற தெரிவு அப்படிப்பட்ட இடத்துக்கானது. நல்லவேளை, ஜிடிஎம்மில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜன்னலிலிருந்து கோப்புக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

பிரவுசிங் சென்டர் மாதிரி இடத்துக்கு மிக உதவியாக இருந்தது உபுண்டுவின் விருந்தினர் நுழைவு. பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே போகலாம். வெளியே வந்ததும் அவர் இறக்கிய கோப்பு, பார்த்த பக்கம் எல்லாம் அழிந்துவிடும். தொலைதூரக் கல்விப் படிவம் நிரப்ப வந்தவரின் சான்றிதழ் நகல் அடுத்தவர் கண்ணில் படாது. 2017-ல் இதில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது: விருந்தினராக வந்தவர் மற்றவர்கள் கோப்புகளையும் பார்க்க முடிந்தது. உடனே நிறுத்தி வைத்தார்கள். அது சரியான முடிவு. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் உபுண்டு 17.10 மறுபடி ஜிடிஎம்முக்குத் திரும்பியது. அதில் விருந்தினர் நுழைவு என்ற வசதியே கிடையாது. தற்காலிகமாக நிறுத்தியது அப்படியே நிரந்தரமாகிவிட்டது.

எடுத்ததில் சரியாக எடுத்ததும் ஒன்று உண்டு. ஒரு பெரிய கணினியின் டெஸ்க்டாப்பை வலைப்பின்னல் வழியாகப் பல பழைய கணினிகளில் காட்டும் எக்ஸ்டிஎம்சிபி என்ற முறைக்குப் பழைய ஜன்னலில் ஒரு பக்கமே ஒதுக்கியிருந்தார்கள். சத்தில்லாத பழைய கணினிகளை வைத்து லேப் நடத்த அது கைகொடுத்தது. ஆனால் அதில் பாஸ்வேர்ட் உட்பட எதுவும் மறைக்கப்படாமல் கம்பியில் போகும். இப்படி லேப் நடத்த உதவிய, 1999-லிருந்து வளர்ந்த எல்டிஎஸ்பி திட்டம்கூடப் பிற்பாடு பாதுகாப்பான எஸ்எஸ்ஹெச் வழிக்கு மாறிக்கொண்டது. மாற்று ஒன்று தயாரான பிறகு பழையதை ஒதுக்குவதில் தவறில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இது லினக்ஸ் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். எக்ஸ்பி வரைக்கும் அலுவலகக் கணினிகளின் லாகின் பெட்டியில், எந்த டொமைனில் நுழைவது என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இருந்தது. 2007-ல் வந்த விஸ்டா அதை எடுத்தது. அதிலிருந்து வேறு டொமைனில் போக வேண்டுமானால் அதன் பெயரைப் பின்சாய்கோடு போட்டு யூசர் பெயருக்கு முன்னால் நாமே அடிக்க வேண்டும். அந்தக் கணினியின் சொந்தக் கணக்கில் போக வேண்டுமானால் ஒரு புள்ளியும் பின்சாய்கோடும் போட வேண்டும். அந்தப் புள்ளி ரகசியம் தெரியாமல் தவித்த குமாஸ்தாக்கள் எத்தனையோ.

எல்லோரும் பேசாமல் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. லினக்ஸ் மின்ட்காரர்கள் 2012-ல் தங்கள் 13-ஆம் பதிப்புக்காகப் பழைய ஜிடிஎம் 2.20-ஐயே எடுத்து, தூசி தட்டி, எம்டிஎம் என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்தார்கள். அந்த செட்டிங்ஸ் ஜன்னலும் அதோடு உயிர்பெற்றது. 2017-ல் 18.2 பதிப்பில் லைட்டிஎம்முக்கு மாறும்வரை அதுதான் மின்டின் வாசல். வேண்டாம் என்று விட்ட நிரலை வேண்டும் என்பவர்கள் எடுத்து ஐந்து வருஷம் நடத்த முடிந்தது. திறமூல மென்பொருளில் எனக்குப் பிடித்த குணம் இதுதான்.

"சரி சார், எனக்கு இப்ப என்ன வழி?"

டீச்சருக்கு இரண்டு வழி சொன்னேன். ஒன்று, இருக்கிற லாகின் திரையையே வைத்துக்கொண்டு மாணவர் கணக்கை இரண்டாக்குவது. ஒன்றுக்குத் 'தமிழ் வகுப்பு' என்றும் மற்றதற்கு 'இங்கிலீஷ் வகுப்பு' என்றும் பெயர் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தடவை உள்ளே போய் மொழியை அமைத்துவிட்டால் போதும். இனி பிள்ளைகள் மொழிக்குப் பதிலாகப் பெயரைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு கணக்கும் பார்க்கும்படி பொதுவான ஒரு கோப்புறை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வகுப்பு சேமித்தது மற்ற வகுப்புக்குத் தெரியாது. அரை நாள் வேலை.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: லாகின் திரையையே மாற்றுவது. முன்னமே சொன்னபடி அது தனி மென்பொருள். டெஸ்க்டாப்பைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம். லைட்டிஎம்மையும் அதற்கான ஜிடிகே லாகின் திரையையும் நிறுவினால், டெபியனும் உபுண்டுவும் இனி எதை வைத்துக்கொள்ளட்டும் என்று தானாகவே கேட்கும். ஜிடிகே திரையின் அமைப்புக் கோப்பில் மேல் பட்டையில் என்னென்ன தெரியவேண்டும் என்று ஒரே வரியில் எழுதலாம். மொழி, கீபோர்டு, டெஸ்க்டாப் மூன்றையும் அதில் சேர்க்கலாம். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். அந்தக் கணினியில் தமிழ் இந்தியா என்ற மொழி அமைப்பு உருவாக்கப்பட்டிருந்தால்தான் மெனுவில் தமிழ் தெரியும். புதிதாக நிறுவுகிறவர்கள் ஆங்கிலத்தை மட்டும் உருவாக்கிவிட்டுப் போய்விடுவது வழக்கம்.

மேம்படுத்த வருகிறவர்களிடம் என்ன சொல்லி வைக்க வேண்டும் என்றும் கேட்டார். பழைய லாகின் திரையையும் அதன் ஒவ்வொரு மெனுவையும் திறந்துவைத்து செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனது எது என்று பிறகு காட்ட ஆதாரம் வேண்டும். லேபில் ஒரே ஒரு சிஸ்டத்தில் முதலில் போட்டு, இரண்டு மீடியம் பிள்ளைகளையும் ஒரு வாரம் உட்கார வைத்துப் பாருங்கள். டெபியன் வகைகளில், நாம் மாற்றிய அமைப்புக் கோப்பு ஏதாவது இருந்தால், மேம்படுத்தலின் நடுவே 'உங்களுடையதையே வைக்கட்டுமா, புதியதைப் போடட்டுமா' என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் புதியதைப் போடு என்று தட்டிவிட்டால் வருஷக்கணக்கில் சேர்த்த அமைப்பு அந்த நொடியில் போய்விடும். அந்தக் கேள்வி வரும்போது உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பஸ் வந்துவிட்டது. புதுச்சத்திரம் வழியாகப் போகும் அந்த பஸ்ஸில் ஏறுமுன் டீச்சர் கேட்டது: "இத நாம யார்ட்டயாவது சொன்னா கேப்பாங்களா சார்?"

கேட்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். சொல்லும் விதத்தில் சொல்ல வேண்டும். 'பழையதே நல்லா இருந்தது' என்று எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எங்கள் லேபில் ஒரு கணினியை இத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், ஒரே கணக்கில் இரண்டு மொழிக்காரர்கள் வருகிறார்கள், லாகின் திரையில் மொழி இல்லாததால் ஒரு பீரியடில் இவ்வளவு நேரம் போகிறது என்று எழுத வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி அமைத்திருந்தால் மட்டும் மெனுவைக் காட்டினால் போதும் என்றும் சேர்த்து எழுதுங்கள். கீபோர்டுக்கு அவர்களே அப்படித்தான் செய்திருக்கிறார்கள், தனிக் கணினி வைத்திருப்பவருக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. க்னோம் திட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினால் போதும். பாஸ் லினக்ஸ் வைத்திருக்கும் பள்ளிகள் தமிழிலேயே எழுதலாம். அதைச் செய்கிறவர்கள் சென்னையில்தான் இருக்கிறார்கள். லேப் வைத்திருக்கும் ஒவ்வொரு ஆசிரியரும் இந்த அரையாண்டு விடுமுறைக்குள் அந்த ஒரு பக்கத்தை எழுதி அனுப்புங்கள்.